கையெழுத்துப் போடுவதற்கு முன்...

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு வெள்ளிக்கிழமை மாலையைப் பற்றி நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆண்கள் செம்பனைக் காட்டிலிருந்து திரும்பிக் குளித்து முடித்திருப்பார்கள். கோயில் மணி அடிக்கும். பெண்கள் எண்ணெய்க் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நடப்பார்கள். பிள்ளைகள் தேவாரம் படிக்க முன்னால் ஓடுவார்கள்.

அந்த ஓட்டத்தில் ஒரு பிள்ளை மட்டும் பின்தங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "எனக்கு வயிறு வலிக்குதும்மா, நான் வரலே" என்கிறது. போன வாரமும் வயிறு வலித்தது. அதற்கு முந்திய வாரமும் வலித்தது. அம்மா முதலில் அதட்டுகிறாள். பிறகு மருந்து கொடுக்கிறாள். ஒருநாள் இரவு, விளக்கை அணைத்த பிறகு, பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்கிறாள். பிள்ளை சொல்லிவிடுகிறது. வகுப்பு எடுக்கும் பெரியவர், எல்லாரும் காலில் விழுந்து கும்பிடும் பெரியவர், தன்னிடம் எப்படி நடந்துகொண்டார் என்று சொல்லிவிடுகிறது.

இரண்டு நாளில் விஷயம் கசிகிறது. மூன்றாம் நாள் இரவு வீட்டு வாசலில் மூன்று பேர் வந்து நிற்கிறார்கள். ஒருவர் கமிட்டித் தலைவர். ஒருவர் சொந்தக்காரர். இன்னொருவர் பட்டணத்திலிருந்து வந்த படித்தவர். அவர் கையில் ஒரு தாளும் ஒரு கவரும் இருக்கின்றன.

"இதோ பாரு தம்பி, சாமி காரியம். வெளியே தெரிஞ்சா நம்ம பாப்பா பேருதான் கெடும். அவரை வேற ஊருக்கு அனுப்பிடுறோம். இதிலே ஒரு தொகை இருக்கு, பாப்பா படிப்புக்கு வச்சுக்கோ. இங்கே மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுடு."

"நான் என்னங்க ஐயா செய்யிறது?" என்று அந்தத் தகப்பன் மனைவியின் முகத்தைப் பார்க்கிறான்.

வாசக அன்பர்களே, இது எந்தத் தோட்டத்திலும் நடந்த கதையாக நாம் எழுதியதல்ல. கோயிலுக்குப் பதிலாகத் தேவாலயம் என்றும், சூராவ் என்றும், ஆசிரமம் என்றும் மாற்றிப் படித்தாலும் பொருள் மாறாது. உலகின் பல நாடுகளில், பல மதங்களில், இதே மூன்று பேர் இதே தாளோடு ஏழை வீட்டு வாசலில் நின்றிருக்கிறார்கள். அந்தத் தாளில் என்ன இருக்கிறது, அதில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும், போடாவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

பேசித் தீர்ப்பது நம் பழக்கம்

நம்மவர்களுக்குக் கோர்ட்டு என்றால் பயம். அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நம் பக்கத்துத் தென்னமாரத்தில்தான் உருவானது. அதற்கு முன்பிருந்தே பால்மரக் காடுகளில் நம் பாட்டன் பாட்டிகள் உழைத்தார்கள். அவர்களுக்குத் துரையின் பங்களாவே தூரம். கோர்ட்டு அதைவிடத் தூரம். மாடு அடுத்த வீட்டுத் தோட்டத்தில் மேய்ந்தாலும், சீட்டுப் பணத்தில் தகராறு வந்தாலும், புருஷன் பெண்சாதிச் சண்டை என்றாலும் கோயில் வாசலில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். அது நல்ல பழக்கமே. வக்கீலுக்குக் கொடுக்கும் காசும் மிச்சம், உறவும் மிச்சம்.

சம்பளச் சண்டையையும் அப்படித்தான் தீர்த்தோம். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பிறகு முதலாளிமாரோடு மேசையில் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டோம். அந்த ஒப்பந்தங்கள் ஊரறியப் போடப்பட்டவை. எத்தனை காசு ஏறியது என்று பிரட்டுக் களத்தில் நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும்.

ஆனால் ஒரு குழந்தைக்குச் செய்த கொடுமை மாடு மேய்ந்த விவகாரம் ஆகுமா? மாடு மேய்ந்தால் நஷ்டம் ஒரு வீட்டுக்கு. மிச்சப் பயிர் மறுபடியும் வளரும். குழந்தையைக் கெடுத்தவனை ரகசியமாக ஊர் மாற்றி அனுப்பினால், அடுத்த ஊரில் இருக்கும் நூறு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆபத்து. அந்த நூறு வீட்டாரும் இந்தப் பஞ்சாயத்தில் உட்காரவில்லை. அவர்களைக் கேட்காமல் அவர்கள் பிள்ளைகளின் விதியை இங்கே எழுதிவிடுகிறோம்.

பாஸ்டன் நகரத்துப் பாடம்

இப்படி எழுதப்பட்ட தாள்கள் என்ன செய்தன என்பதற்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம்.

2002ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் 'பாஸ்டன் குளோப்' என்ற நாளேடு ஒரு செய்தியை வெளியிட்டது. ஜான் ஜியோகன் என்ற பாதிரியார் சுமார் முப்பது ஆண்டுகளில் ஆறு பங்குகளில் பணியாற்றியவர். அவர் தங்களைச் சிறுவயதில் கெடுத்ததாக 130க்கும் மேற்பட்டவர்கள் முன்வந்து கூறியிருந்தார்கள். ஓர் இடத்தில் புகார் வந்தால் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். புதிய இடத்து மக்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. அதே மாத இறுதியில் அந்த நாளேடு இன்னொன்றையும் வெளியிட்டது: முந்திய பத்தாண்டுகளில் குறைந்தது 70 பாதிரியார்கள் மீதான குழந்தைப் பாலியல் புகார்களை அந்த உயர் மறைமாவட்டம் ரகசியமாகப் பணம் கொடுத்து முடித்திருந்தது.

பணம் வாங்கிய குடும்பங்கள் பேராசைக்காரக் குடும்பங்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பலர் பக்தியுள்ள சாதாரண மக்கள். சபையின் பெயர் கெடக் கூடாது என்று அவர்களும் நினைத்தார்கள். "நம் பிள்ளைக்கு மட்டும்தான் நடந்தது" என்று ஒவ்வொரு குடும்பமும் எண்ணியது. பக்கத்துத் தெருவில் இருந்தவரும் அதே போன்ற தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார்; அவருக்கும் பேச வாயில்லை. ரகசியத் தாளின் வேலையே அதுதான். துன்பப்பட்டவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ள முடியாமல் செய்துவிடுகிறது.

செய்தி வெளிவந்த பிறகு அணை உடைந்தது. 2002 டிசம்பரில் கர்தினால் பெர்னார்டு லா பதவி விலகினார். அடுத்த ஆண்டு, 552 பேருக்கு 85 மில்லியன் டாலர் கொடுக்க மறைமாவட்டம் உடன்பட்டது. இது பகிரங்கமாக அறிவிக்கப்பட்ட உடன்பாடு. 2002 ஜூன் மாதம் டல்லஸ் நகரில் கூடிய அமெரிக்க ஆயர்கள், பாதிக்கப்பட்டவரே தக்க காரணத்தோடு கேட்டாலொழிய இனி ரகசிய உடன்பாடு செய்வதில்லை என்று விதி எழுதினார்கள். பிறகு 2019 டிசம்பர் 17இல் போப்பாண்டவர் பிரான்சிஸ், இத்தகைய வழக்குகளுக்கு இருந்த திருச்சபை ரகசிய விதியை நீக்கினார். புகார் சொன்னவர் மீதோ, பாதிக்கப்பட்டவர் மீதோ, சாட்சி மீதோ மௌனத்தைக் கட்டாயமாக்கக் கூடாது என்றும் அந்த ஆணை கூறியது.

பணமே இல்லாமல் வெறும் சத்தியத்தால் வாயைக் கட்டிய கதையும் உண்டு. அயர்லாந்தில் 1975இல் பிரெண்டன் ஸ்மித் என்ற பாதிரியாரால் கெடுக்கப்பட்ட இரண்டு இளம்பிள்ளைகளிடம் ரகசியம் காப்பதாகச் சத்தியம் வாங்கினார்கள். போலீசுக்குச் சொல்லவில்லை. ஸ்மித் மேலும் பல ஆண்டுகள் பிள்ளைகளைக் கெடுத்தார். 1994இல்தான் சிறைக்குப் போனார். அந்தச் சத்தியம் வாங்கிய விசாரணையில் அன்று இளம் பாதிரியாராக உட்கார்ந்திருந்த ஷான் பிரேடி, பின்னாளில் அயர்லாந்தின் கர்தினாலாகிவிட்டார். 2010இல் விஷயம் வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. கடவுள் பெயரால் ஒரு குழந்தையிடம் வாங்கிய சத்தியம் யாரைக் காப்பாற்றியது என்பதை நீங்களே சொல்லுங்கள்.

ஊட்டியிலிருந்து ஒரு வழக்கு

"வெள்ளைக்காரர் கதை நமக்கெதற்கு?" என்று கேட்கலாம். நம் தமிழ் மண்ணோடு நேராகத் தொடர்புடைய வழக்கு ஒன்றைப் பார்ப்போம்.

ஜோசப் பழனிவேல் ஜெயபால் என்பவர் தமிழ்நாட்டில் உதகமண்டலம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த பாதிரியார். 2004, 2005ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் குரூக்ஸ்டன் மறைமாவட்டத்தில் பணியாற்றினார். 2005இல் இந்தியாவுக்குத் திரும்பினார். அங்கே இருந்த காலத்தில் இரண்டு இளம் பெண் பிள்ளைகளைக் கெடுத்தார் என்று அவர்மேல் குற்றம் சாட்டப்பட்டது.

அந்த இருவரில் ஒருவர் குரூக்ஸ்டன் மறைமாவட்டத்தின் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டார். 2011இல் அந்த வழக்கு 750,000 டாலருக்கு உடன்பாடாக முடிந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, தொகை ஊரறியச் சொல்லப்பட்டது. அந்தப் பெண்ணின் வாய்க்குப் பூட்டுப் போடவில்லை. இரண்டாவது, பணம் கைமாறியதால் போலீஸ் வழக்கு நின்றுபோகவில்லை. 2012இல் ஜெயபால் தமிழ்நாட்டில் கைது செய்யப்பட்டார். 2014இல் இந்தியா அவரை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. 2015இல் மற்றொரு பெண் பிள்ளை தொடர்பான குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டார். ஓராண்டும் ஒரு நாளும் சிறைத் தண்டனை கிடைத்தது. ஏற்கெனவே காவலில் இருந்த காலம் கழிக்கப்பட்டு அவர் இந்தியா திரும்பினார்.

கதை அதோடு முடியவில்லை. 2010இல் அவருக்கு விதிக்கப்பட்டிருந்த குருத்துவப் பணித் தடையை 2016ஆம் ஆண்டு ஊட்டி மறைமாவட்டம் நீக்கியது. நஷ்டஈடு பெற்றிருந்த அந்தப் பெண், "இன்னொரு பிள்ளைக்கு இந்தக் கதி வரக் கூடாது" என்னும் நிலையில் நின்று, ஊட்டி மறைமாவட்டத்தின் மேலேயே மறுபடி வழக்குத் தொடர்ந்தார். அவர் 2011இல் மௌனத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் 2016இல் குரல் கொடுத்திருக்க முடியுமா?

ஆகவே பணம் வாங்குவது பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. கெட்டுப்போன உடம்புக்கும் மனத்துக்கும் வைத்தியச் செலவு உண்டு. விட்டுப்போன படிப்புக்கு விலை உண்டு. அதைக் கேட்டு வாங்குவது உரிமை. வாயை விற்காமல் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்த மதமும் விலக்கல்ல

கிறிஸ்தவ சபையைப் பற்றியே பேசுகிறோமே என்று யாரும் மனம் வருந்த வேண்டாம். மற்றவர்கள் மார்தட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

ஹரே கிருஷ்ணா இயக்கம் நடத்திய குருகுலங்களில் படித்து வளர்ந்த பிள்ளைகள், அங்கே தாங்கள் அடியும் உதையும் பாலியல் கொடுமையும் அனுபவித்ததாகச் சொல்லி 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் டல்லஸ் நகரில் வழக்குப் போட்டார்கள். முதலில் 44 பேர் தொடுத்த வழக்கு அது. பிறகு ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் முன்வந்தார்கள். ஒருவர் பேசியதைக் கேட்டு மற்றவருக்குத் துணிவு வந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்ற மேற்பார்வையில், வெளிப்படையாக, நஷ்டஈட்டு ஏற்பாடு செய்யப்பட்டது.

திருச்சிக்கு அருகே விராலிமலைப் பக்கத்தில் ஆசிரமம் நடத்திய பிரேமானந்தாவைப் பற்றி நம்மில் மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். இலங்கையிலிருந்து வந்தவர். இனக் கலவரத்தில் எல்லாம் இழந்த பிள்ளைகள் பலர் அவருடைய ஆசிரமத்தில் வளர்ந்தார்கள். 1994இல் அங்கிருந்து வெளியேறிய பெண்கள் வாய் திறந்தார்கள். அவர்களுக்கு ஆள்பலம் இல்லை, பணபலம் இல்லை. அவருக்கோ வெளிநாடுகளிலெல்லாம் பக்தர்கள். புகழ்பெற்ற வக்கீல் ராம் ஜெத்மலானி அவருக்காக வாதாடினார். ஆனாலும் 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை செஷன்ஸ் நீதிபதி ஆர். பானுமதி, 13 பெண்களைக் கற்பழித்த குற்றத்துக்கும் ஒரு கொலைக் குற்றத்துக்கும் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். உயர் நீதிமன்றமும், 2005இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. 2011இல் அவர் தண்டனைக் கைதியாகவே இறந்தார். நாதியற்ற பிள்ளைகளின் சொல், சாமியாரின் செல்வாக்கை வென்றது. அது கோர்ட்டுக்குப் போனதால்தான் நடந்தது.

நம் மாநிலத்திலும் விழித்துக்கொள்ளும் நாள் வந்தது. 2024 செப்டம்பர் 11ஆம் நாள் போலீசார் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 பராமரிப்பு இல்லங்களில் புகுந்து 402 பிள்ளைகளை மீட்டார்கள். சமயப் போர்வையில் இயங்கிய, ஜி.ஐ.எஸ்.பி. என்ற வணிக நிறுவனத்தோடு தொடர்புடைய இல்லங்கள் அவை என்று போலீஸ் கூறியது. முதல் நாளிலேயே 171 பேர் கைது செய்யப்பட்டார்கள். யார் எந்த அளவு குற்றவாளி என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். ஆனால் இத்தனை பிள்ளைகள் நம் கண்ணெதிரே இருந்தும் அக்கம்பக்கத்தார் வாய் திறக்கவில்லையே என்ற கேள்வி எல்லா இனத்தாரையும் உறுத்த வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

இனி அந்த மூன்று பேர் கொண்டுவந்த தாளுக்கு வருவோம். அந்தத் தாளுக்கு மலேசியச் சட்டத்தில் என்ன மதிப்பு?

2017ஆம் ஆண்டு ஜூலை 10 முதல் 'குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம்' என்ற 792ஆம் எண் சட்டம் நடப்பில் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்ட எல்லாரும் இதன்படி குழந்தைகளே. கெட்ட நோக்கத்தோடு பிள்ளையின் உடலைத் தொட்டாலே 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் கிடைக்கலாம். பிள்ளையைப் பராமரிக்கும், கண்காணிக்கும், கற்பிக்கும் நிலையில் நம்பிக்கைக்கு உரியவராக இருப்பவரே குற்றம் செய்தால், 16ஆம் பிரிவின்படி கூடுதலாக 5 ஆண்டு வரை சிறையும் குறைந்தது இரண்டு பிரம்படியும் உண்டு. "பெரிய மனுஷர், மன்னிச்சு விடுங்க" என்று ஊர் சொல்கிறது. "பெரிய மனுஷர், அதனால் தண்டனை கூட" என்று சட்டம் சொல்கிறது.

அதே சட்டத்தின் 19ஆம் பிரிவை எல்லாக் கமிட்டிக்காரர்களும் மனப்பாடம் செய்ய வேண்டும். இத்தகைய குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குத் தகவல் கொடுக்காமல் இருப்பதே குற்றம். 5,000 வெள்ளி வரை அபராதம். ஆகவே "வெளியே சொல்லாதே" என்று கேட்க வருகிறவர் உங்களையும் குற்றம் செய்யத்தான் அழைக்கிறார்.

நம் குற்றவியல் சட்டத் தொகுப்பின் 213, 214ஆம் பிரிவுகள் இன்னும் பழையவை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருபவை. குற்றவாளியைத் தண்டனையிலிருந்து மறைப்பதற்காகப் பணமோ பொருளோ வாங்குவது 213இன்படி குற்றம். கொடுப்பது 214இன்படி குற்றம்.

அப்படியானால் அந்த ஒப்பந்தம்? 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சட்டத்துக்கு விரோதமான நோக்கம் கொண்ட ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதற்கு அந்தச் சட்டமே ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறது. கொள்ளைக் குற்றத்துக்காக ஒருவன் மேல் போட்ட வழக்கைக் கைவிடுவதாகச் சொல்லி, பதிலுக்குக் கொள்ளை போன பொருளின் மதிப்பைத் திருப்பித் தருமாறு ஒப்பந்தம் செய்தால் அது செல்லாது. களவுபோன பொருளுக்கே இந்த விதி என்றால், குழந்தைக்கு நேர்ந்த கொடுமையை மறைக்கும் தாளுக்கு என்ன மதிப்பு இருக்கும்?

இன்னொன்று. நஷ்டஈட்டு உரிமை பிள்ளைக்குச் சொந்தம், தகப்பனுக்குக்கூட அல்ல. அதனால்தான் 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் 76ஆம் கட்டளை, வயது வராத பிள்ளையின் பேரில் செய்யும் சமரசத்துக்கு நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. தொகை போதுமா, பிள்ளைக்கு நன்மையா என்று நீதிபதி பார்ப்பார். அடுப்படியில் வைத்துப் போடும் கையெழுத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்த பிறகு, அரசு வழக்கறிஞர் கேட்டுக்கொண்டால் குற்றவியல் நீதிமன்றமே நஷ்டஈடு கட்ட ஆணையிடவும் வழியிருக்கிறது. ஆகவே வழக்குப் போட்டால் காசு கிடைக்காது என்று பயமுறுத்துவது சரியல்ல.

தாய்மார்கள் கேட்கும் கேள்விகள்

"பிள்ளை பேரு பேப்பரில் வந்துவிடுமே!"

வராது. 2001ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, பிள்ளையின் பெயர், படம், முகவரி, பள்ளி எதையும் வெளியிடக் கூடாது. பெயரைப் பரப்புவது பெரும்பாலும் ஊர் வாய்தான். இந்நாளில் கைத்தொலைபேசிக் குழுக்களில் எழுதிப் பரப்புகிறவர்களுக்கும் இந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

"கோர்ட்டில் அந்த ஆளுக்கு எதிரே பிள்ளையை நிறுத்துவார்களே?"

நிறுத்தாமலே விசாரிக்க வழியுண்டு. 2007ஆம் ஆண்டு வந்த குழந்தைச் சாட்சிகள் சட்டத்தின்படி, பிள்ளைக்கும் எதிராளிக்கும் நடுவே திரை வைக்கலாம். வேறு அறையிலிருந்து படக்கருவி வழியே சாட்சி சொல்ல வைக்கலாம். முன்பே பதிவு செய்த வாக்குமூலத்தையும் காட்டலாம். 2017 ஜூனில் புத்ராஜெயாவில் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களை விசாரிக்கவே தனி நீதிமன்றம் திறந்தார்கள்.

"பார்த்தவர் யாரும் இல்லையே, சின்னப் பிள்ளை சொல்லை யார் நம்புவார்?"

பிள்ளை சாட்சி சொல்லத் தகுதியுள்ளது என்றே 792ஆம் சட்டத்தின் 17ஆம் பிரிவு தொடங்குகிறது. வேறு சாட்சி இல்லாவிட்டாலும் பிள்ளையின் சாட்சியத்தை மட்டும் வைத்தே தண்டிக்கலாம் என்று 18ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது.

"முன்னமே பணம் வாங்கிக் கையெழுத்தும் போட்டாயிற்றே?"

பயப்படாதீர்கள். அந்தத் தாள் போலீசைக் கட்டுப்படுத்தாது. தாளின் நகல் இருந்தால் ஒரு வழக்கறிஞரிடமோ அரசாங்கச் சட்ட உதவி இலாகாவிலோ காட்டி ஆலோசனை கேளுங்கள். நகலைக் கொடுக்காமலே கையெழுத்து வாங்கிப் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

"நடந்து பல வருஷம் ஆகிவிட்டதே?"

போலீஸ் புகாருக்குக் காலம் கடந்துவிடவில்லை. நஷ்டஈட்டு வழக்குக்குத்தான் கால வரம்பு உண்டு. அதற்கு வக்கீலைச் சீக்கிரம் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை நடந்த அரச விசாரணைக் குழு, எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தனித்தனியே உட்கார வைத்துக் கேட்டது. தமக்கு நேர்ந்ததை முதன்முதலாக வெளியே சொல்ல அவர்களுக்குச் சராசரியாக ஏறக்குறைய 24 ஆண்டுகள் பிடித்திருந்தது. உங்கள் பிள்ளை மூன்றாம் வாரத்தில் சொல்லியிருந்தால் அது உங்கள்மேல் வைத்த நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கவருக்குள் போட்டு ஒட்டிவிடாதீர்கள்.

"ஒருவேளை பெரியவர் மேல் வீண்பழியாக இருந்தால்?"

நியாயமான கேள்வி. அதற்கும் முறையான விசாரணைதான் மருந்து. ரகசியமாகப் பேசி முடித்தால் குற்றமற்றவர் தலையிலும் பழி நிற்கும்; குற்றவாளியும் தப்புவான்.

உடனே செய்ய வேண்டியவை

பிள்ளை சொன்னால் அடிக்காதீர்கள், அழுது ஊரைக் கூட்டாதீர்கள். "நீ சொன்னது நல்லது. உன் மேலே தப்பில்லே" என்ற இரண்டு வார்த்தை போதும். திரும்பத் திரும்பக் குடைந்து கேட்காதீர்கள். பிள்ளை சொன்னதை, அதன் சொந்த வார்த்தையிலேயே, தேதி போட்டு ஒரு பள்ளி நோட்டில் எழுதி வையுங்கள்.

சம்பவம் அண்மையில் நடந்ததானால் உடுப்பைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு அரசாங்க மருத்துவமனைக்குப் போங்கள். அவசரப் பிரிவில் இதற்கென்றே ஒருங்கிணைந்த உதவிப் பகுதி உண்டு. பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். போலீஸ் படையில் பெண்கள், பிள்ளைகள் வழக்குகளை விசாரிக்க டி11 என்ற தனிப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 15999 என்ற 'தாலியான் காசே' எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். மலாய் சரளமாகப் பேச வராதவர்கள் பக்கத்து வீட்டுப் படித்த பிள்ளையையோ தமிழ்ப்பள்ளி ஆசிரியரையோ துணைக்கு அழைத்துப் போங்கள். கமிட்டிக்காரரை அழைத்துப் போவதைத் தவிர்ப்பது நல்லது.

கோயில், தேவாலயக் கமிட்டியாருக்கும் ஒரு சொல். விசாரணை நடத்துவது உங்கள் வேலையல்ல. தகவலைப் போலீசுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் உங்கள் வேலை. வகுப்பு நடக்கும் அறையின் கதவு திறந்தே இருக்கட்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியே இருக்க வேண்டாம். புதிதாக ஒருவரை வைக்கும்போது, முன்பிருந்த ஊரை ஏன் விட்டார் என்று அந்த ஊராரிடமே கேளுங்கள். இதனால் சாமிக்கு எந்தக் குறையும் வராது.

கவர் மேசைமேல் இருக்கிறது

மறுபடி அந்த வீட்டுக்குப் போவோம். கவர் மேசைமேல் இருக்கிறது. பேனா மூடி கழற்றித் தயாராக இருக்கிறது. செம்பனைக் குலை வெட்டி உரமேறிய அந்தத் தகப்பனின் கை நடுங்குகிறது. அந்தத் தொகை அவனுக்குப் பல மாதச் சம்பளம். எதிரே உட்கார்ந்திருப்பவர் அவன் கல்யாணத்தை நடத்தி வைத்தவர். நாளைக்கும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். இல்லை என்று சொல்வது எளிதென்று நாம் சொல்ல மாட்டோம்.

உள்ளே, அறைக் கதவு ஓரத்தில், பிள்ளை தூங்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. இத்தனை பெரியவர்கள் கூடிப் பேசுவதில் தன் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. தகப்பன் என்ன சொல்கிறானோ அதைத்தான் அது தன் ஆயுசு முழுக்கச் சுமக்கும்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். பிள்ளையின் வாயை மூட மட்டும் ஒரு கவர் போதும் என்று நினைப்பவர்களுக்கு, அந்தத் தகப்பன் இப்படிச் சொல்லட்டும்:

"ஐயா, உங்க மேலே எனக்கு மரியாதை இருக்கு. காசை எடுத்துக்கிட்டுப் போங்க. நாளைக்குக் காலையிலே நானும் என் சம்சாரமும் பாப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போலீஸ் ஸ்டேசனுக்குப் போறோம். நீங்களும் நல்லவரா இருந்தா எங்க கூட வாங்க."